முதல் ஏற்றுமதி ஆர்டர்: எந்தக் கதவைத் தட்டுவது, என்ன கேட்பது?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவரும் அவருடைய தம்பியும் ஆறு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான மர விளையாட்டுப் பொருள்கள் செய்யும் பட்டறை நடத்துகிறார்கள். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இதுவரை உள்நாட்டு விற்பனை மட்டும்தான். இரண்டு மாதங்களுக்கு முன் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றிலிருந்து மொத்த வியாபாரி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். விலங்கு உருவங்களை எடுத்து, அதனதன் குழியில் பொருத்தி விளையாடும் மரப் புதிர்ப் பலகை 3,000 வேண்டுமாம். எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு அடங்கிய விலை) சொல்ல வேண்டும், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கான 'சி.இ.' முத்திரை இருக்க வேண்டும், சரக்கு கைக்கு வந்து 90 நாளில் பணம் தருவாராம்.

விவரம் கேட்டுப் போன இடங்களில் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியிருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள். இந்தச் சமயத்தில் 'ஏற்றுமதி ஆலோசகர்' ஒருவர் வந்து, பதிவு, சி.இ. சான்றிதழ், வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம், முழுவதும் முன்பணம் என்கிறார். தம்பி கட்டிவிடலாம் என்கிறார். அக்காவுக்குத் தயக்கம். "எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு வழிகாட்ட யாருமே இல்லையா? எல்.சி. (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) வாங்கிவிட்டால் பணம் நிச்சயம் என்கிறார்களே, அது போதுமா? தம்பியின் அவசரம் சரியா, என் பயம் சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

ஏற்றுமதி ஒப்பந்தங்களைப் பார்ப்பதுதான் என் வழக்கறிஞர் தொழில். முதல் ஆர்டரோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உங்கள் கேள்வியோடுதான் வருகிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி ஆர்டரை விட்டுவிடக் கூடாது என்று நினைப்பது சரி. முன்பணம் கட்ட நீங்கள் தயங்குவதும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பையருக்கு இன்றே பதில் எழுதலாம், ஆலோசகருக்குப் பணம் கட்டாமல் இருக்கலாம்.

வழிகாட்ட யாரும் இல்லை என்கிறீர்கள். ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போய் "நாங்கள் ஏற்றுமதி செய்ய வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்டால், எந்த அதிகாரியும் ஒரு கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார், அல்லது அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார். அவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அவரால் தரக்கூடிய பதில் அவ்வளவுதான். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவான பதில் வரும், பெரும்பாலும் காசில்லாமல்.

முதல் வேலை: உங்கள் பொருளின் எண்

உலகச் சுங்க அமைப்பு என்று ஒன்று இருக்கிறது, தலைமையகம் பிரஸ்ஸல்ஸில். உலக வணிகத்தில் புழங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அது ஓர் எண் கொடுத்திருக்கிறது. அதைத்தான் எச்.எஸ். கோடு என்கிறோம். 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2022 பதிப்பு. முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும்.

நீங்கள் கடிதத்தில் 'மரக் கைவினைப் பொருள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலோசகரும் அப்படித்தான் எழுதச் சொன்னாராம். இங்கே கவனமாக இருங்கள். மரத்தால் செய்த சிற்பம், அலங்காரப் பொருள் எல்லாம் 4420 என்ற தலைப்பில் வரும். விளையாட்டுப் பொருள்களும் எல்லா வகைப் புதிர்களும் 9503-இல் வரும். உங்கள் புதிர்ப் பலகை குழந்தை விளையாடுவதற்கானது, அதன் இடம் 9503. வரி விகிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்துச் சுங்கம் பெட்டியைத் திறந்து இது பொம்மை என்று கண்டால், பொம்மைக்கான பாதுகாப்பு ஆவணங்கள் எங்கே என்ற கேள்வி வரும். அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

சந்தேகம் இருந்தால் இறக்குமதி நாட்டுச் சுங்கத்திடமே முன்கூட்டி எழுத்தில் தீர்ப்பு வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தீர்ப்பு 3 ஆண்டுக்குச் செல்லும். அங்கே பதிவு எண் உள்ளவர்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், உங்கள் பையரை விண்ணப்பிக்கச் சொல்வது சுலபம். இதைக் கேட்டவுடன் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலிருந்தே அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

பதில் சொல்வது அவர்கள் கடமை

ஓர் அரசு அலுவலகத்துக்குக் கேள்வி எழுதுவதை உதவி கேட்பதாக நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. தயங்க வேண்டாம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவே தகவலைப் பற்றியதுதான். இறக்குமதி, ஏற்றுமதி நடைமுறைகளையும் தேவையான படிவங்களையும் உறுப்பு நாடுகள் இணையத்தில் வெளியிட வேண்டும். வணிகர்கள் கேட்கும் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல விசாரணை மையம் வைத்திருக்க வேண்டும். கட்டணம் வாங்காமல் இருப்பதையே அந்த ஒப்பந்தம் ஊக்குவிக்கிறது. வாங்கினாலும் சேவைக்கு ஆகும் செலவை ஒட்டியே இருக்க வேண்டும்.

பொருளின் தரம், பாதுகாப்பு பற்றிய விதிகளுக்குத் தனியாக இன்னொரு விசாரணை மையம் உண்டு. வணிகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் கீழ் ஒவ்வோர் உறுப்பு நாடும் அதை வைத்திருக்க வேண்டும். மற்ற நாடுகளில் உள்ளவர்கள் கேட்டாலும் அது பதில் சொல்ல வேண்டும். அதாவது நீங்கள் உங்கள் நாட்டில் உட்கார்ந்துகொண்டு பையரின் நாட்டு மையத்துக்கே எழுதலாம். பல நாடுகளில் இந்த மையம் தர நிர்ணய அமைப்பிலோ வர்த்தக அமைச்சகத்திலோ இருக்கும்.

எப்படி எழுதுவது? "மர பொம்மைகளை உங்கள் நாட்டுக்கு அனுப்ப என்ன விதிகள்?" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "எச்.எஸ். 9503.00-இல் வரும் மரப் புதிர்ப் பலகை. 18 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது. மரத்தின் அறிவியல் பெயர் இது, மேலே நீர் சார்ந்த வண்ணம், ஒவ்வோர் உருவத்திலும் பசையால் ஒட்டிய மரக் குமிழ். உங்கள் நாட்டில் விற்க எந்தப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், எந்தத் தர நிர்ணயங்கள், எந்த மொழியில் எச்சரிக்கை வாசகம், இறக்குமதியாளர் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் எவை?" நான்கே வரிதான். இதைப் படிக்கும் அதிகாரியால் தட்டிக் கழிக்க முடியாது, பதில் சொல்லவும் அவருக்குச் சுலபம். இதே நான்கு வரியைப் பையரின் நாட்டில் இருக்கும் உங்கள் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

ஜெனீவாவில் சர்வதேச வணிக மையம் இருக்கிறது. 1964-இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் சபையும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து நடத்துவது. சிறு நிறுவனங்களின் ஏற்றுமதிக்கு உதவுவதே அதன் வேலை. அதன் 'ட்ரேட் மேப்' தளத்தில் 9503 என்று போட்டால் எந்த நாடு யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது, அது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கலாம். 'மார்க்கெட் ஆக்சஸ் மேப்' சுங்க வரியைக் காட்டும். 'குளோபல் ட்ரேட் ஹெல்ப்டெஸ்க்' இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறது. 'இ-பிங்' என்ற சேவையில் பதிவு செய்துவைத்தால், உங்கள் பொருளுக்கான விதியை ஏதாவது நாடு மாற்றப் போவதாக அறிவிக்கும்போது மின்னஞ்சல் வரும்.

உங்களுக்கு இப்போது மிக அவசியமானது ஐரோப்பிய ஆணையம் நடத்தும் 'ஆக்சஸ் டு மார்க்கெட்ஸ்' தளம். பொருளின் எண், புறப்படும் நாடு, சேரும் நாடு மூன்றையும் கொடுத்தால் வரி, பொருள் பாதுகாப்பு விதிகள், சலுகை வரிக்கான மூல விதிகள் (பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்பவை) எல்லாம் வரும். கட்டணம் இல்லை. ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, தம்பியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஆலோசகர் விற்கும் தகவலில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சில பணக்கார நாடுகள் வளரும் நாடுகளிலிருந்து இறக்குமதியை ஊக்குவிக்கவே நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நெதர்லாந்தின் சி.பி.ஐ. 1971 முதல் இருக்கிறது. அங்கே எந்த விலைத்தட்டில் எப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன, பையர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று துறைவாரியாக எழுதிய சந்தை ஆய்வுகளை அது இலவசமாகத் தருகிறது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இதேபோல் உண்டு. உங்கள் பொருளுக்கு மிக நெருங்கிய துறையைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

அப்புறம், உங்கள் சொந்த நாட்டின் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு, வணிக சங்கம், உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு. இவர்களிடம் பையரைத் தேடித் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது அவர்கள் வேலை அல்ல. கண்காட்சியில் இடம், பயிற்சி, மூலச் சான்றிதழ், பையரின் வங்கியைப் பற்றிய விசாரணை என்று கேளுங்கள், கிடைக்கும்.

சி.இ. முத்திரையை யாரும் விற்க முடியாது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்த இடம்தான். சி.இ. என்பது எந்த அரசும் வழங்கும் விருதோ உரிமமோ அல்ல. "இந்தப் பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது" என்று உற்பத்தியாளர் தன் பொறுப்பில் செய்யும் அறிவிப்பு. கையெழுத்து உங்களுடையது, சட்டப் பொறுப்பும் உங்களுடையது. ஆலோசகர் அச்சடித்துத் தரும் 'சான்றிதழ்' உங்களைக் காப்பாற்றாது.

பொம்மைகளுக்கு இப்போது பொருந்துவது 2009-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் ஐரோப்பிய உத்தரவு. அதை ஒட்டிய தர நிர்ணயம் இ.என். 71. அதன் முதல் பகுதி பொருளின் உறுதி, இரண்டாம் பகுதி தீப்பற்றும் தன்மை, மூன்றாம் பகுதி வண்ணத்திலிருந்து ஈயம், காட்மியம் போன்றவை கசிகின்றனவா என்பது. நல்ல லேப் ஒன்றில் இந்த மூன்றையும் சோதித்து, அந்த அறிக்கையோடு வரைபடம், மூலப்பொருள் பட்டியல், ஆபத்து மதிப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு கோப்பாக 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதன்மேல்தான் அறிவிப்பில் கையெழுத்து. காசு செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆலோசகரின் முன்பணத்தை லேபுக்குக் கொடுங்கள்.

லேபுக்கு அனுப்பும் முன் பட்டறையிலேயே ஒன்று செய்து பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய துண்டு எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். உள் விட்டம் 31.7 மி.மீ. அடிப்பக்கம் சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. ஒரு துண்டு அமுக்காமலே இதற்குள் முழுதாக அடங்கினால் அது ஆபத்து. உங்களிடம் கடைசல் இயந்திரம் இருக்கிறது, இப்படி ஓர் உருளை கடைந்துகொள்ள அரை மணி நேரம் ஆகாது. விலங்கு உருவத்தைப் போட்டுப் பாருங்கள், பிறகு அதன் குமிழைத் திருகி, இழுத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். லேபிலும் இதைத்தான் அளவோடு செய்வார்கள். பசை விட்டுக் குமிழ் கையோடு வந்தால் அது அந்த உருளைக்குள் நிச்சயம் அடங்கும். இதைப் படிக்கும்போது விதி என்று நினைக்காதீர்கள், ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழை உருவத்தில் துளையிட்டுச் செருகி ஒட்டுவதா, வேறு மாதிரி செய்வதா என்பதை விலை சொல்வதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

சோதனைக்குப் பிறகு வண்ணக் கடையை மாற்றினால் பழைய அறிக்கை புது வண்ணத்துக்குப் பொருந்தாது, இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். இன்னொரு கேள்வியைப் பையரிடம் இப்போதே கேளுங்கள்: பெட்டியில் யார் பெயர் வரும்? அவர் தன் பெயரில் விற்றால், ஐரோப்பியச் சட்டப்படி உற்பத்தியாளரின் பொறுப்பு அவர்மேல் போகிறது. உங்கள் பெயரில் என்றால் உங்களிடமே நிற்கிறது. 2021 ஜூலை 16 முதல், சி.இ. பொம்மைக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள் ஒருவர் இருந்தாக வேண்டும். இறக்குமதியாளரே அந்த ஆளாக இருக்கலாம், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மரத்தின் பெயரையும் உறுதி செய்யுங்கள். நூக்க மரம் போன்ற டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பட்டறையில் கிடக்கும் துண்டு மரத்தை எடுத்துக் கலந்துவிடக் கூடாது.

எஃப்.ஓ.பி. என்றால் என்ன சொல்கிறோம்?

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற மூன்றெழுத்துச் சொற்கள் பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சங்கத்தின் இன்கோடெர்ம்ஸ் விதிகள். 1936-இல் தொடங்கியவை, இப்போதைய பதிப்பு 2020. மொத்தம் 11. எந்த இடம் வரை செலவு உங்களுடையது, எந்த இடத்தில் ஆபத்து கை மாறுகிறது என்பதை அவை சொல்கின்றன. பொருள் யாருக்குச் சொந்தம் என்பதையோ பணம் எப்போது வரும் என்பதையோ அவை சொல்வதில்லை. அதனால் விலைக்குப் பக்கத்தில் இடத்தின் பெயரையும் 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆபத்து உங்களுடையது. ஆனால் கண்டெய்னர் சரக்கைத் துறைமுகக் கிடங்கில் ஒப்படைத்ததும் அது உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. கிடங்குக்கும் கப்பலுக்கும் நடுவே நனைந்தால் நஷ்டம் உங்களுக்கு. அதனால் கண்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில் சரக்கை ஒப்படைத்ததுமே ஆபத்து கை மாறும் முறை) பொருத்தம் என்று அந்தச் சங்கமே சொல்கிறது. பையர் எஃப்.ஓ.பி. என்று பழக்கத்தில் எழுதியிருப்பார். மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உங்கள் சரக்கின் அளவையும் போட்டுப் பார்க்கலாம். ஓர் அட்டைப் பெட்டி 60 × 40 × 40 செ.மீ., அதில் 40 பலகை, எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,000 பலகைக்கு 75 பெட்டி. மொத்தக் கன அளவு 7.2 கன மீட்டர், எடை 900 கிலோ. 20 அடிக் கண்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு, ஆகவே தனிக் கண்டெய்னர் தேவையில்லை, மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துப் போகும். பகிர்வுச் சரக்குக்குக் கன மீட்டர் அல்லது டன், எது அதிகமோ அதற்குக் கட்டணம். உங்களுக்கு 7.2. விமானத்தில் என்றால் கன சென்டிமீட்டரை 6,000-ஆல் வகுப்பார்கள். ஒரு பெட்டி 16 கிலோ என்று கணக்காகும், மொத்தம் 1,200 கிலோவுக்குக் கட்டணம். 300 கிலோ காற்றுக்குக் காசு! உருவங்களைப் பலகையோடு படுக்க வைத்து, பெட்டியின் உயரத்தைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால் கப்பலிலும் மிச்சம், விமானத்திலும் மிச்சம். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர்கள் மூன்று பேரிடம் போய் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அந்தப் பக்கத்துத் துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, அல்லது வேறு அங்கீகரித்த முறையில் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. என்னிடம் வந்த ஒருவர், சரக்கு முழுவதும் ஒழுங்காக இருந்தும், தன் பட்டறை மரத்திலேயே அடித்த பேலட்டால் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். மர வேலை தெரிந்தவர்களுக்கே இது அதிகம் நடக்கிறது, பேலட்டை வெளியே வாங்க மனம் வருவதில்லை. நீங்கள் முத்திரை உள்ள பேலட்டை வாங்கிவிடுங்கள்.

எல்.சி. பற்றியும் 90 நாள் பற்றியும்

எல்.சி. நல்ல கருவி, ஆனால் நிபந்தனையோடு வருவது. 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை அல்ல. ஆவணம் எல்.சி.யில் சொன்னபடி இருந்தால் வங்கி பணம் தர வேண்டும். இல்லையென்றால் மறுக்கலாம், சரக்கு எவ்வளவு அருமையாக இருந்தாலும். எல்.சி.யில் 'மரப் புதிர்ப் பலகை' என்று இருந்து, இன்வாய்ஸில் நீங்கள் 'மரப் புதிர்த் தட்டு' என்று எழுதினால் போதும். எல்.சி.யில் வேறு நாள் குறிக்காவிட்டால், கப்பலில் ஏற்றி 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். வந்த ஆவணத்தைப் பார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாள். ஆகவே எல்.சி. வரைவு வந்ததும், அது திறக்கப்படும் முன்பே, உங்கள் வங்கியில் காட்டுங்கள். உங்களால் தர முடியாத ஆவணம் ஏதாவது கேட்டிருந்தால், குறிப்பாகப் பையரே கையெழுத்திட வேண்டிய ஆய்வுச் சான்றிதழ் இருந்தால், மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தை அவர் போடாவிட்டால் உங்கள் பணம் அவர் கையில்தான்.

மேலும் இந்த அளவு ஆர்டருக்கு வங்கிக் கட்டணம் லாபத்தில் கணிசமாகக் கடித்துவிடலாம். என் அபிப்பிராயத்தில் முதல் ஆர்டருக்குப் பொருத்தமானது 30 சதவீதம் முன்பணம், மீதி ஆவணங்களை வங்கி மூலம் கொடுக்கும்போது. பையர் பணம் கட்டாமல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) கையில் கிடைக்காது, அது இல்லாமல் சரக்கு கிடைக்காது. பில் 'ஆர்டர்' வகையாக, அதாவது பின்னால் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றித் தரக்கூடியதாக, இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. விமான ரசீதுக்கு இது பொருந்தாது, அதில் பெயர் போட்டவருக்குச் சரக்கு போய்விடும். இதிலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. பையர் சரக்கை எடுக்கவே வராவிட்டால் தூரத்துத் துறைமுகத்தில் உங்கள் பெட்டிகள் கிடக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்காவது முன்பணம் இருக்கட்டும்.

90 நாள் கடன் என்பது ஐரோப்பிய வியாபாரத்தில் கேட்காத ஒன்றல்ல, அதனால் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்பது பேர் பட்டறையில், சரக்கு செய்யும் காலம், கடலில் போகும் காலம், அதன்மேல் 90 நாள் என்றால் ஆறு மாதம் உங்கள் பணம் வெளியில் நிற்கும். தரத்தான் வேண்டும் என்றால் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுங்கள். பிரிட்டன் 1919-இல் இதற்கென முதல் அரசு அமைப்பை உருவாக்கியது, இன்று பல நாடுகளில் உண்டு. பையர் பணம் தராவிட்டால் பெரும்பகுதி கிடைக்கும், முழுவதும் அல்ல. இதில் இன்னொரு பயனும் உண்டு. காப்பீடு தரும் முன் அவர்கள் பையரை விசாரிப்பார்கள். அவர்கள் காப்பீடு தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

நீங்களும் விசாரிக்கலாம். பையரின் வாட் எண்ணைக் கேட்டு, ஐரோப்பிய ஆணையத்தின் 'வீஸ்' தளத்தில் போட்டுப் பாருங்கள், செல்லுபடி ஆகிறதா என்று உடனே தெரியும். ஆனால் உண்மையான நிறுவனத்தின் பெயரில் வேறு யாரோ எழுதலாம். அதனால் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். முதலில் ஏதாவது 'பதிவுக் கட்டணம்' கட்டச் சொல்லும் பையர் பையரே அல்ல. அதேபோல், இடையில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று உங்கள் பெயரில் பையருக்குப் போலி மின்னஞ்சல் போகும் மோசடி நிறைய நடக்கிறது. போன் செய்து உறுதி செய்யாமல் கணக்கு எண் மாற்றத்தை ஏற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடம். இரண்டு நாடுகளும் 1980 வியன்னா விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தால், வேண்டாம் என்று எழுதாத வரை அது தானாகப் பொருந்தும். அதன்படி குறை சொல்ல பையருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு வரை அவகாசம் போகலாம். சரக்கு வந்து 15 நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தகராறு வந்தால் நீதிமன்றமா நடுவர் மன்றமா என்பதையும் முடிவு செய்யுங்கள். நான் நடுவர் பக்கம்தான் சொல்வேன். 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின் காரணமாக, நடுவர் தீர்ப்பைப் பையரின் நாட்டில் நிறைவேற்றுவது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதைவிடப் பெரும்பாலும் சுலபம்.

ஆலோசகரை என்ன செய்வது?

எல்லா ஆலோசகர்களும் மோசம் என்று சொல்ல மாட்டேன், நானும் கட்டணம் வாங்கும் ஆள்தான். ஆனால் அவரிடம் மூன்று கேட்டுப் பாருங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துத் தருவாரா? வேலை முடிந்த பின் பணம் வாங்குவாரா? அவர் தரும் ஆவணம் தவறானால் பொறுப்பேற்பதாக எழுதித் தருவாரா? மூன்றுக்கும் சரி என்றால் படிவம் நிரப்பும் வேலையை மட்டும் கொடுங்கள். பையர் பட்டியல் உங்களுக்கு வேண்டாம், ஒரு பையர் ஏற்கெனவே உங்கள் வாசலில் நிற்கிறார்.

அவருக்கு இந்த வாரம் எழுதுங்கள். ஆர்டரில் ஆர்வம் இருக்கிறது, பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் உறுதியான விலை தருகிறோம், அதுவரை எந்த வயதுக் குழந்தைக்கு, யார் பெயரில், எந்த மொழியில் என்ற விவரங்களும் வாட் எண்ணும் தேவை என்று சொல்லுங்கள். கூடவே 300 பலகை சோதனை ஆர்டராக முதலில் எடுப்பாரா என்றும் கேளுங்கள். சம்மதித்தால் சாம்பிளை மூன்று செட் செய்து, மூன்றிலும் இரு தரப்பும் தேதியோடு கையெழுத்திடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று லேபுக்கு. மூன்றாவதைப் பட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் இப்படி இல்லையே, குமிழ் இப்படி இல்லையே என்று நாளை கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அது கையில் இருக்க வேண்டும்.